நான் கேட்டு வாங்கிய கடன்

நூற்று நாற்பது ரூபாய் கடன். அதில் ஒரு சல்லிக்காசு நான் கை நீட்டி வாங்கியதில்லை. ஆனால் அந்தக் கடனை என் பேரில் எழுதச் சொல்லி, சம்பள நாளில், ஊர் பார்க்க, ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போட்டு வாங்கியவள் நான். இலங்கை மலைநாட்டில், தெமோதரைப் பக்கம் இன்றைக்கும் என் பேச்சு வந்தால் "அந்தக் கிறுக்கச்சியா?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் நடந்தது என்னவென்று தெரியாமல் சிரிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு வாத்தியார். ஆடுகிறவன் அடியை மறந்தால் நோட்டைப் பார்த்து எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மூத்தவள் நான்தான். அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். கூத்து நோட்டைப் படிக்கிறவளுக்குக் கங்காணி நோட்டைப் படிக்கவா தெரியாது? அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

என் புருஷன் கெட்டவன் என்று ஆரம்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது. முதல் நாலு வருஷம் நல்லவனாகத்தான் இருந்தான். மகள் பிறந்தபோது பதுளைக்கு நடந்துபோய் ஒரு ரோஸ் நிறச் சட்டை வாங்கி வந்தவன்தான். அதற்குப் பிறகு சாராயம், அதற்குப் பிறகு சீட்டு, அதற்குப் பிறகு மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்பிள்ளை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வரிசையாய் வந்து சேர்ந்தன.

எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு வழக்கம். சம்பள மேசையில் கணக்கப்பிள்ளை பொம்பளை பேரைக் கூப்பிடுவார், புருஷன் கை நீட்டுவான். பெண்டாட்டி பின்னால் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினோரு வருஷம் நான் அப்படி நின்றேன். மலையேறி, அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து நான் எடுத்த கொழுந்துக்குச் சம்பளம் அவன் இடுப்பில் போய் உட்காரும். அது போதாது என்று பெரிய கங்காணியிடம் கடனும் வாங்குவான். மேட்டு லயத்துக்காரியோடு அவன் ஒரேயடியாகக் குடியேறியபோது நான் மகளைக் கூட்டிக்கொண்டு என் அண்ணனின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்துவிட்டேன். அப்போது மகளுக்கு எட்டு வயது.

அண்ணன் மூலையில் பாய் விரித்தார். அண்ணி சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கே நாலு பிள்ளைகள். ஆனால் என் மகள் சோற்றுக்குத் தட்டை நீட்டும்போது ஒரு தடவை அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டினாள். மறுநாளே பதுளைக்கு நடந்தேன்.

பதுளையில் அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் பெட்டிஷன் எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்குத் தாபரிப்புக் கேளும்மா. மாசம் இவ்வளவுன்னு அப்பன்காரன் கொடுக்கணும். கோடு கட்டளை போடும்" என்றார். கோடு என்றால் கோர்ட்டு. எவ்வளவு கேட்கலாம் என்று கேட்டேன். "ரெண்டரை ரூபா கேளு" என்றார். எனக்குப் பெரிய சந்தோஷம். அடேயப்பா, ரெண்டரை ரூபாய்! அண்ணிக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் சட்டி சத்தம் போடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஹாலிஎல வழியாகத் திரும்பி நடந்தேன்.

வழக்கு நாளன்று என் புருஷன் வெள்ளை வேட்டி கட்டி வந்தான். பக்கத்தில் பெரிய கங்காணி, கக்கத்தில் கணக்கு நோட்டு. நீதவான் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் பேசுவதைக் கோட்டு மொழிபெயர்ப்பு முதலியார் தமிழில் சொல்வார், நாங்கள் சொல்வதை அவர் இங்கிலீஷில் சொல்வார். கங்காணி கூண்டில் ஏறி நோட்டைப் பிரித்து, "இந்தாளுக்கு நூத்திநாப்பது ரூபா கடன் நிக்குதுங்க. கையில காசு மிஞ்சுறதில்லீங்க" என்றார். சரி, அவர் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

அப்புறம் என் புருஷன் ஏறினான். கங்காணி அவனுக்கு நன்றாகத்தான் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "காசு குடுக்க வழியில்லீங்க தொரை. ஆனா பிள்ளைய நான் பட்டினி போடுவேன்னு சொல்லல. எங்கிட்ட விடட்டும். நானே வச்சுக் காப்பாத்துறேன்" என்றான்.

முதலியார் அதைச் சொன்னதும் துரை தலையை ஆட்டினார். அப்பன் தன்னிடம் வைத்துக் காப்பாற்றத் தயாராக இருக்கும்போது தனியாகக் காசு கட்டச் சொல்ல நியாயம் இல்லை, பிள்ளை அப்பனோடு போகட்டும் என்று தீர்ப்பு. நான் கத்தினேன். "இவன் வீட்டுல இன்னொருத்தி இருக்கா தொரை!" என்றேன். முதலியார் அதை மொழிபெயர்த்தாரோ இல்லையோ, அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கோட்டுப் படியிலேயே அவன் என் மகள் கையைப் பிடித்தான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டரை ரூபாய் கேட்கப் போய் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்கு யாராவது என்னைக் கிறுக்கச்சி என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

காப்பாற்றுகிறேன் என்றவன் எப்படிக் காப்பாற்றினான் தெரியுமா? மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் என் மகள் நிற்கிறாள். ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது அவளுக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள். அரைப்பேர் என்றால் சின்னப் பிள்ளைக்குப் பாதிச் சம்பளம். கங்காணிக்கு ஒரு தலை கூடுதல், அப்பனுக்குக் கடன் வட்டிக்கு ஒரு சின்னக் கை. அவள் உயரத்துக்குக் கூடை தரையில் இடித்தது. நான் எதிர்மலையில் நின்று பார்க்கிறேன். பக்கத்து நிரையில் நின்றவள், "ஏன் இப்படி இலையை உருவுற? காம்பு போகுதுடி" என்று என்னை அதட்டினாள். கையில் என்ன வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பெரிய கங்காணி வீட்டுக்குப் போய் நின்றேன். வேறு தோட்டத்துக்குப் போகிறேன், எனக்கும் என் மகளுக்கும் துண்டு கொடுங்கள் என்றேன்.

துண்டு என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு சின்னக் காகிதம். இன்ன ஆளுக்கு, அவர் கீழே உள்ள இன்னின்ன பேருக்கு, இவ்வளவு கடன். இதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே அங்கே தொடரும். துண்டு இல்லாமல் போனால் எந்தத் தோட்டமும் சேர்க்காது. ஓடிப்போனவள் என்று ஆள் விட்டுப் பிடிப்பார்கள். சட்டத்தில் வேறு வழி இருந்ததோ என்னவோ, எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கங்காணி வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். "உனக்குத் துண்டு தாறேன் புள்ள. கடன்ல பாதிய நீ எடுத்துக்கிட்டுப் போ."

"நான் எதுக்கு ஐயா எடுக்கணும்? பதினோரு வருஷம் என் சம்பளம் யார் கைக்குப் போச்சு? சம்பளப் பதிவு செக்ரோல பிரிச்சுப் பாருங்க. அதை எனக்குக் குடுங்க, பாதிக் கடன் என்னா, முழுசையும் கட்டுறேன்."

அந்த வாய்க்கு அவர் முகம் சிவந்தது. "கோட்டுக்குப் போய் வந்ததுல வாய் நீண்டு போச்சு உனக்கு. பாதி கட்டினாலும் உன் பேரு மட்டும்தான் போகும். பிள்ளை பேரு போகாது."

"ஏன் போகாது?"

"கடன் யார் பேருல நிக்குதோ, பிள்ளை பேரு அவங்க கீழதான் நிக்கும். துண்டுல முதல் பேரு அவன் பேரு. இது இன்னைக்கு நேத்து வழக்கமா? கப்பலேறி வந்த நாள்லேருந்து இதுதான்."

அவர் என்னை விரட்டத்தான் அதைச் சொன்னார். நான் வாசல்படி இறங்கும்போதுதான் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்தது. கடன் யார் பேரில் நிற்கிறதோ, பிள்ளை அவர்கள் கீழே. பதுளைத் துரை சொல்லாததை, சட்டப் புத்தகம் சொல்லாததை, வெற்றிலை எச்சிலோடு இந்த மனுஷன் சொல்லிவிட்டாரே! அன்றைக்கு ராத்திரி அண்ணி சட்டியை எப்படி வைத்தாள் என்றே எனக்குக் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறை ரோட்டில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு கங்காணி. அதற்கு முந்தின வருஷக் காய்ச்சலில் அவருடைய ஆட்களில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டு, கொழுந்து எடுக்கக் கையில்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. துண்டுத் தொகையைச் சொன்னதும் துள்ளிக் குதித்தார்.

"ஒரு பொம்பளைக்கும் ஒரு அரைப்பேருக்கும் நூத்திநாப்பதா! எங்க தொரை என்னைய மலையிலேருந்து உருட்டி விட்டுருவாரும்மா."

"இன்னைக்கு உங்க மலையில கொழுந்து எடுக்கிறாங்கதானே? ஒரு கூடை குடுங்க. சும்மா எடுக்கிறேன். சம்பளம் வேணாம். சாயங்காலம் நிறுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் எடுத்தது வெறியில் எடுத்தது. மத்தியானம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருடைய ஆட்களில் கெட்டிக்காரி இருபத்தெட்டு ராத்தல் எடுத்தாள். என் கூடை முப்பத்தொன்பது. கங்காணி தராசை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். மறுபடி நிறுத்தார். "பேய் புடிச்சிருக்கா உனக்கு?" என்றார்.

"பேய் இல்லீங்க. ஒரு பிள்ளை இருக்கு. காலையில அது பள்ளிக்கூடம் போகும். மத்தியானத்துக்கு மேலதான் புல்லுப் பிடுங்க வரும். அதுக்கும் சரின்னு சொல்லுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சரி என்றார். துரையிடம் பேசிப் பணத்துக்கு வழி செய்கிறேன், துண்டை மட்டும் கொண்டுவா என்றார்.

சம்பள நாள் வந்தது. தோட்டத்துத் துரை மேசைக்குப் பின்னால், கணக்கப்பிள்ளை பக்கத்தில், பெரிய கங்காணி தூணோரம். என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் பிரிந்து வந்த பிறகும் வழக்கம்போல என் புருஷன்தான் கை நீட்டினான். நான் முன்னால் போய் நின்றேன்.

"தொரை, எனக்குத் துண்டு வேணும். இவரு பேருல நிக்கிற கடன் நூத்திநாப்பதையும் என் பேருல எழுதுங்க. பசறை ரோட்டுத் தோட்டத்துல கட்ட ஆள் இருக்கு."

கூட்டத்தில் ஒரு சத்தம். "என்னாது?" என்றான் என் புருஷன். பெரிய கங்காணி தூணை விட்டு நிமிர்ந்தார். குடிகாரனிடம் முடங்கிக் கிடந்த பணம் முழுசாகக் கைக்கு வரப்போகிறது என்றதும் அந்த மனுஷன் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டார்.

துரை கணக்கப்பிள்ளை மூலமாகக் கேட்டார்: இந்தப் பொம்பளைக்குத் தான் செய்வது புரிகிறதா?

"எழுத்துத் தெரியும் தொரை. நோட்டைக் குடுங்க, படிச்சுக் காட்டுறேன்" என்றேன். நோட்டு வந்தது. எல்லோரும் கேட்கப் படித்தேன். அரிசி, கம்பளி, கைமாற்று, கைமாற்று, கைமாற்று. நடுவில், வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி, ஒன்பது ரூபாய். சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினேன். "என் கால்ல கொலுசு இருக்கா பாருங்க. இது மேட்டு லயத்துல ஆடுது. பரவாயில்ல, அதையும் நானே கட்டுறேன். எழுதுங்க!"

பொம்பளைகள் பக்கத்திலிருந்து கொல்லென்று சிரிப்பு. என் அண்ணி மட்டும் அழுதாள். பிறகுதான் அதைச் சொன்னார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றேன். "கடன் என் பேருல வந்தா, துண்டுல முதல் பேரு என் பேரு. பிள்ளை பேரு என் கீழ வரணும். இது பெரிய கங்காணி ஐயா சொன்ன வழக்கம்."

துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் பணம் போய்விடும். வழக்கம் அதுதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பிள்ளையை அப்பனிடம் விட்டது பதுளைக் கோடு. அப்பன் சம்மதிக்க வேண்டும் என்றார் துரை. எல்லோரும் என் புருஷனைப் பார்த்தார்கள்.

என் மகள் அரைப்பேர்ச் சம்பளத்துக்காக அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளை மறந்தேபோனேன். அவளை அங்கிருந்து அனுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கடன் முழுசும் போயிருமா?" என்று கங்காணியைக் கேட்டான். போய்விடும் என்றார். "அப்போ தூக்கிட்டுப் போகட்டும். பொட்டைப் புள்ளைதானே" என்றான்.

கணக்கப்பிள்ளை எழுதினார். கைநாட்டு வைக்க மையை நீட்டினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. கூடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அன்றே பொழுது சாய்வதற்குள் நடையைக் கட்டினோம்.

பசறை ரோட்டுத் தோட்டத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கடனுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சில மாதம் கையில் ஐம்பது சதம்கூட மிஞ்சாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. சம்பள மேசையில் நானே கை நீட்டினேன். பிடித்த தொகையைக் கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போது, "சரியாப் பாத்து எழுதுங்க" என்று அதிகாரம் பண்ணுவேன். மகள் காலையில் பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிருப்பதாகப் பேச்சு. இனிமேல் துண்டு கிடையாது. பழைய கடன்களும் செல்லாது. தோட்டமே கூத்தாடியது. கணக்கப்பிள்ளை எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, பேர் பேராகப் படித்து, கடனைச் சிவப்பு மையால் கோடு போட்டு வெட்டினார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஜனங்கள் கை தட்டினார்கள். என் பேர் வந்தது. "எழுபத்தோரு ரூபா பாக்கி. வெட்டியாச்சு" என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். "வெட்டாதீங்க!"

"என்னாம்மா இது? எல்லாருக்கும் தள்ளுபடி."

"எனக்கு வேணாம். நான் கட்டுவேன். அந்த எழுபத்தோரு ரூபா என் பேருல நிக்கிற வரைக்கும்தான் என் பிள்ளை பேரு என் கீழ நிக்கும். அதை வெட்டினா நாளைக்கு அவன் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். பதுளைக் கோடு என் பிள்ளைய எனக்குக் குடுக்கல ஐயா, இந்தக் கடன்தான் குடுத்துச்சு. எங்கிட்ட வேற காகிதம் இல்ல."

கூட்டம் சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அந்த வழக்கமெல்லாம் துண்டோட போச்சும்மா. இனிமே கடனை வச்சுப் பிள்ளைய யாரும் கணக்குப் பண்ண முடியாது. புதுசாப் பேரேடு போடுறோம். பிள்ளை பேரை எங்க எழுதணும்னு சொல்லு, அங்க எழுதுறேன்" என்றார்.

நம்பவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை. என் மகள்தான் முன்னால் வந்தாள். பழைய தோட்டத்து ஆபீஸ் வாசலில் அப்பன் வாயால் கேட்டதைப் பற்றி இரண்டு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"எங்கப்பா என்னைய நூத்திநாப்பது ரூபாய்க்கு விட்டுட்டாரு" என்றாள். "எங்கம்மா பேருக்குக் கீழ எழுதுங்க. வெட்ட முடியாத மையில எழுதுங்க."

கணக்கப்பிள்ளை சிவப்பு மைப்புட்டியை மூடிவிட்டுக் கறுப்பு மையைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.